ப்ளவ் லேன்: சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்கப்பட்ட மைதானம்... 29 ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய அணி!

விம்பிள்டன் என்றால் எல்லோருக்கும் டென்னிஸ்தான் நினைவுக்கு வரும். பச்சைப் புல்தரை, வெள்ளை உடை, ஸ்ட்ராபெர்ரியும் க்ரீமும். ஆனால், லண்டனின் தென்மேற்குப் புறநகரான அந்த ஊரில் 'நம்ம டீம்' என்று பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். டென்னிஸ் ராக்கெட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். ப்ளவ் லேன் என்ற சாலையின் முனையில் இருந்த, தகரக் கூரை போட்ட ஒரு கால்பந்து மைதானத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இதே வட்டாரத்தில், எஃப்ரா ரோட்டில்தான் ஈழத்தமிழர்கள் கட்டிய கணபதி கோயில் இருக்கிறது. லண்டன் உறவினர் வீட்டுக்குப் போனவர்களில் சிலர் இந்தத் தெருக்களில் நடந்திருக்கவும் கூடும்.

அந்தப் பழைய மைதானம் இப்போது இல்லை. 2002-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

மைதானம் இடிபடுவது இங்கிலாந்தில் புதிய விஷயம் இல்லை. ஆர்சனலின் ஹைபரி, வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க், டாட்டன்ஹாமின் பழைய ஒயிட் ஹார்ட் லேன் எல்லாம் போய்விட்டன. ஆனால், அந்த அணிகளுக்கெல்லாம் அதைவிடப் பெரிய வீடு கிடைத்தது. விம்பிள்டனுக்கு நடந்தது வேறு. முதலில் வீடு போனது, பிறகு ஊர் போனது, கடைசியில் பெயரே போனது!

சதுப்பு நிலம், பழைய ஸ்டாண்டு

கதை 1889-ல் தொடங்குகிறது. விம்பிள்டனில் இருந்த ஓல்டு சென்ட்ரல் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து 'விம்பிள்டன் ஓல்டு சென்ட்ரல்ஸ்' என்று ஓர் அணி ஆரம்பித்தார்கள. ஆடியது விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில். உடை மாற்ற இடமில்லை. பக்கத்தில் இருந்த 'ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ்' என்ற மதுக்கடைதான் டிரஸ்ஸிங் ரூம். 1905-ல் பெயரைச் சுருக்கி வெறும் 'விம்பிள்டன்' ஆக்கிக்கொண்டார்கள்.

1912-ல் ஒரு நிரந்தர இடம் கிடைத்தது. நல்ல இடம் என்று சொல்ல முடியாது. ப்ளவ் லேனும் ஹேடன்ஸ் ரோடும் சந்திக்கும் மூலையில், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த சதுப்பு நிலம். வேண்டில் ஆறு ஓடும் தாழ்வான பகுதி அது. மேடாக்கி, வேலி போட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் ஆட ஆரம்பித்தார்கள். 1923-ல் கிளாப்டன் ஓரியண்ட் என்ற இன்னொரு லண்டன் கிளப் கழித்துவிட்ட ஸ்டாண்டை விலைக்கு வாங்கி வந்து இங்கே நிறுத்தினார்கள். பழைய வீட்டுக் கதவு, ஜன்னலை வாங்கிப் புது வீட்டில் பொருத்துவது போலத்தான்.

இந்த மைதானத்தின் கூட்ட சாதனை எந்தப் போட்டியில் வந்தது தெரியுமா? மான்செஸ்டர் யுனைடெட்டோ லிவர்பூலோ வந்தபோது அல்ல. 1935 பிப்ரவரி 23 அன்று அமெச்சூர் கோப்பையில் ஹெச்.எம்.எஸ். விக்டரி என்ற கடற்படை அணிக்கு எதிராக விளையாடியபோது. அன்று வந்தவர்கள் 18,080 பேர். பின்னாளில் நாட்டின் உச்ச லீகில் ஆடியபோதும் அந்த எண்ணிக்கையை ப்ளவ் லேன் மறுபடி பார்க்கவே இல்லை.

காரணம் எளிது. அது பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர்களின் காலம். சம்பளம் வாங்கும் அணிகள் ஒரு பக்கம் இருந்தாலும், வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ஆடும் பையன்களுக்கு ஊரில் தனி மவுசு. 1963-ல் வெம்ப்ளியில் நடந்த அமெச்சூர் கோப்பை இறுதிப் போட்டியில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று விம்பிள்டன் வென்றது. நான்கு கோல்களையும் அடித்தவர் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆள். நான்குமே தலையால் முட்டி அடித்த கோல்கள்! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதற்கு முன்பே நடந்த ஒரு விஷயத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1959-ல் கிளப்பின் தலைவராக இருந்த சிட்னி பிளாக், மைதான நிலத்தை நகராட்சியிடமிருந்து 8,000 பவுண்டு சொச்சத்துக்கு வாங்கி கிளப்புக்கே கொடுத்தார். விற்ற நகராட்சி ஒரு நிபந்தனை போட்டது. இந்த இடம் விளையாட்டுக்குத்தான். அதற்குப் பயன்படாமல் போனால் நகராட்சியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வரி. ஆனால், அந்த வரி இருந்தவரை மைதானத்தை யாராலும் லாபத்துக்கு விற்க முடியாது.

லீட்ஸை நிறுத்திய தாடிக்காரர்

1975 ஜனவரியில் இங்கிலாந்து முழுக்க விம்பிள்டன் பேச்சாக இருந்தது. எஃப்.ஏ. கோப்பையின் அழகே பொடி அணியும் பெரிய அணியும் ஒரே சீட்டுக் குலுக்கலில் வருவதுதான். லீகிலேயே இல்லாத விம்பிள்டன், உச்ச டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று தோற்கடித்தது. அடுத்த சுற்றில் கிடைத்தது நடப்பு லீக் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட். லீட்ஸ் மைதானத்தில் கோல் விழாமல் ஆட்டம் போய்க்கொண்டிருந்தபோது, லீட்ஸுக்கு ஒரு பெனால்டி. உதைக்க வந்தவர் பீட்டர் லோரிமர். காலில் பீரங்கி வைத்திருப்பவர் என்று பெயர் எடுத்தவர். கோல் கம்பங்களுக்கு நடுவே தாடியோடு நின்றவர் டிக்கி கை.

பிடித்துவிட்டார்.

ஆட்டம் 0-0. மறு ஆட்டத்துக்குக் கூட்டம் தாங்காது என்பதால் ப்ளவ் லேனில் நடத்த முடியவில்லை. கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் 45,000-க்கும் மேற்பட்டவர்கள் பார்க்க, விம்பிள்டன் 0-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலும் டேவ் பாசெட் என்ற விம்பிள்டன் ஆட்டக்காரர் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனதுதான். இந்தப் பாசெட் பின்னாளில் பயிற்சியாளராகி, இதே அணியை உச்சிக்குக் கூட்டிப்போவார் என்று அன்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

1977-ல் விம்பிள்டனை ஃபுட்பால் லீகில் சேர்த்துக்கொண்டார்கள். நான்காவது டிவிஷன், கடைசிப் படி. அங்கிருந்து ஏறுவதும் இறங்குவதுமாகத் தத்தளித்து, 1983-க்குப் பிறகு ஒரே ஓட்டமாக ஓடி, 1986-ல் முதல் டிவிஷனுக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது வருடங்களில் கீழிருந்து மேலே! வந்த முதல் சீசனிலேயே செப்டம்பர் தொடக்கத்தில் சில நாட்கள் பட்டியலில் முதல் இடத்திலும் இருந்தார்கள்.

மைதானம் மட்டும் மாறவில்லை. அதே தகரக் கூரை, நின்றபடி பார்க்கும் படிகள். பயிற்சிக்குச் சொந்த வசதி இல்லாததால் நெடுஞ்சாலை ஓரப் பொது மைதானத்தில் ஓடிவிட்டு, லாரி டிரைவர்கள் சாப்பிடும் காபிக் கடையில் வீரர்கள் சாப்பிட்டார்கள். வின்னி ஜோன்ஸ் அதற்கு முன்பு கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர். இன்று ஹாலிவுட் படங்களில் வில்லனாகப் பார்க்கிறோமே, அவரேதான். புதிதாக அணிக்கு வருபவரின் கோட்டைக் கத்தரிப்பது, ஷூவைக் கொளுத்துவது என்று இவர்கள் அடித்த லூட்டிக்குப் பத்திரிகைகள் 'கிரேஸி கேங்' என்று பெயர் வைத்தன. அதில் சில விளையாட்டுகள் இன்று கேட்டால் ராகிங் கேஸ் ஆகும் ரகம். பெரிய அணிகளுக்கு ப்ளவ் லேனுக்கு வருவதென்றாலே எரிச்சல். நெருக்கடியான டிரஸ்ஸிங் ரூம், நீளமாகத் தூக்கி அடிக்கப்படும் பந்து, இடித்துக்கொண்டே வரும் ஜான் ஃபஷானு. அழகான கால்பந்து என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஜெயித்தார்கள்.

1988 மே 14. வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. எதிரே அந்த ஆண்டின் லீக் சாம்பியன் லிவர்பூல். 37-வது நிமிடத்தில் லாரி சான்செஸ் தலையால் முட்டி ஒரு கோல். இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்டி. ஜான் ஆல்ட்ரிட்ஜ் உதைத்ததை கேப்டனும் கோல் கீப்பருமான டேவ் பீசன்ட் இடதுபுறம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகளில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல்முறை. கோப்பை ப்ளவ் லேனுக்கு வந்தது.

'தற்காலிகமாக' என்று சொன்னார்கள்

அடுத்த ஆண்டே எல்லாம் மாறியது. அதற்குக் காரணம் விம்பிள்டன் அல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் படிகளே இருக்கக் கூடாது, எல்லாம் இருக்கைகளாக மாற வேண்டும் என்றது. மேல் டிவிஷன்களுக்கு 1994 வரை கெடு.

அவசியமான உத்தரவு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், ப்ளவ் லேனை அப்படி மாற்றுவது கட்டுப்படியாகாது என்று விம்பிள்டன் நிர்வாகம் கையை விரித்தது. கெடுவுக்கு மூன்று ஆண்டுகள் மிச்சம் இருந்தபோதே, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போகிறோம், தற்காலிகமாகத்தான் என்று அறிவித்தார்கள். 1991 மே 4 அன்று ப்ளவ் லேனில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 10,002 பேர். எதிரணி, விதியின் விளையாட்டோ என்னவோ, வருங்கால வீட்டுக்காரர் கிரிஸ்டல் பேலஸ். இயன் ரைட் மூன்று கோல் அடிக்க, பேலஸ் 3-0 என்று வென்றது.

வீட்டுக்காரரைப் பற்றி ஒரு துணைக்கதை உண்டு. அப்போது பேலஸின் தலைவர் ரான் நோட்ஸ். இவர் 1976-ல் விம்பிள்டனை வெறும் 2,782 பவுண்டுக்கு வாங்கி வைத்திருந்தவர். 1979 வாக்கிலேயே, 'இந்த ஊரில் கூட்டம் வராது, புதிதாக உருவாகும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கிளப்பைக் கொண்டுபோய்விடலாமா?' என்று யோசித்துப் பார்த்துக் கைவிட்டவர். பிறகு விம்பிள்டனை விற்றுவிட்டு பேலஸை வாங்கினார். பத்து வருடம் கழித்து அதே விம்பிள்டன் அவரிடமே வாடகைக்கு வந்து நின்றது.

வாடகை வீட்டு வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1993 ஜனவரி 26 அன்று எவர்ட்டனுக்கு எதிரான பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,039 பேர். பிரீமியர் லீகின் மிகக் குறைந்த கூட்டம் என்று அந்த எண் வருடக்கணக்காகச் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. அணி மோசமாக ஆடவில்லை. எட்டு சீசன் பிரீமியர் லீகில் தாக்குப்பிடித்தது. ஆனால், ரசிகர்கள் 'ஹோம் மேட்ச்' பார்க்க ஊர்விட்டு ஊர் போய், இன்னொருவர் கொடி பறக்கும் மைதானத்தில் உட்கார வேண்டும்.

இதற்கிடையில் ப்ளவ் லேனில் ரிசர்வ் அணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. படிகளில் களை முளைத்தது. நகராட்சி போட்டிருந்த 'விளையாட்டுக்கு மட்டும்' நிபந்தனையும் போய்விட்டது, பணம் பெற்றுக்கொண்டு நகராட்சியே அதை விட்டுக்கொடுத்தது. அந்த முட்டுக்கட்டை விலகியதும், 1998-ல் உரிமையாளர் சாம் ஹம்மாம் மைதானத்தை சேஃப்வே என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். லெபனானைச் சேர்ந்த ஹம்மாம் அதுவரை ரசிகர்களின் செல்லம். நான்காவது டிவிஷனிலிருந்து அணியை மேலே கொண்டுவந்த காலம் முழுக்க அவர்தான் இருந்தார். அந்தப் பாசம் அன்றோடு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அக்கம்பக்கத்தவர் எதிர்ப்பால் அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட்டும் வரவில்லை. சில வருடம் சும்மா கிடந்து, 2002-ல் இடிபட்டது.

2000 மே 14 அன்று விம்பிள்டன் பிரீமியர் லீகிலிருந்து கீழே விழுந்தது. லிவர்பூலை வென்று கோப்பை தூக்கி அன்றோடு சரியாக 12 வருடம்!

90 கிலோமீட்டர் தள்ளி ஒரு 'ஹோம்'

மைதானம் இல்லாத கிளப் என்பது கால் இல்லாத நாற்காலி மாதிரி, யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். 2001 ஆகஸ்டில் கிளப்பின் தலைவர் சார்லஸ் கோப்பல் அறிவித்தார்: விம்பிள்டன் அணி மில்டன் கீன்ஸுக்குப் போகிறது. லண்டனுக்கு வடக்கே, விம்பிள்டனிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பீட் விங்கல்மேன் என்ற இசைத்துறைக்காரர் அங்கே பெரிய ஸ்டேடியம் கட்டத் திட்டம் வைத்திருந்தார். ஸ்டேடியம் இருந்தால் அணி வேண்டும். புதிதாக ஒரு அணி தொடங்கி, கடைசிப் படியிலிருந்து ஏற வருடக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே மேலே இருக்கும் அணியைக் கூட்டிவந்தால்?

அமெரிக்காவில் இது சகஜம். விளையாட்டு அணிகள் அங்கே ஃப்ராஞ்சைஸ், முதலாளி போகும் ஊருக்கு அணியும் போகும். ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கும் 'அதனால் என்ன?' என்று தோன்றலாம். இங்கிலாந்தில் கால்பந்துக் கிளப் என்பது ஊர்க்கோயில் தேர் மாதிரி. செலவுக்குக் காசு கொடுத்தவர் என்பதற்காக அவர் ஊருக்கு இழுத்துப் போய்விட முடியாது. ஃபுட்பால் லீகே முதலில் மறுத்தது. விவகாரம் நடுவர் தீர்ப்பாயம், பிறகு மூன்று பேர் கொண்ட தனிக் குழு என்று போனது. 2002 மே 28 அன்று அந்தக் குழு 2-1 என்ற கணக்கில் இடமாற்றத்தை அனுமதித்தது.

ரசிகர்கள், அப்படிப் போவதானால் போகட்டும், நாங்கள் ஊரிலேயே முதலிலிருந்து ஓர் அணி தொடங்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒன்றைச் சாம்பலிலிருந்து எழுப்புவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று குழு தன் அறிக்கையில் எழுதியது. விம்பிள்டன் ரசிகர்கள் இன்றுவரை மறக்காத வாசகம் இது. டி-ஷர்ட்டிலும் பேனரிலும் அச்சடித்துக்கொண்டார்கள்!

பழைய அணி அடுத்த ஒரு வருடம் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆட வேண்டியிருந்தது. ரசிகர்கள் மொத்தமாகப் புறக்கணித்தார்கள். 2002 அக்டோபர் 29 அன்று ராதர்ஹாமுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். ஒரு கல்யாண மண்டபக் கூட்டம். 2003 செப்டம்பரில் அந்த அணி மில்டன் கீன்ஸ் போனது. அடுத்த ஆண்டு பெயரையும் 'எம்.கே. டான்ஸ்' என்று மாற்றிக்கொண்டது.

பழைய புல்வெளியில் 230 பேர்

ஊரில் மிஞ்சியவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. கிரிஸ் ஸ்டீவர்ட் உள்ளிட்ட சில ரசிகர்கள் கூடிப் பேசி, சில வாரங்களில் 'ஏ.எஃப்.சி. விம்பிள்டன்' என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்கள் வேண்டுமே? 2002 ஜூன் 29 அன்று யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்தார்கள். இடம், 1889-ல் பள்ளிப் பையன்கள் ஆடிய அதே விம்பிள்டன் காமன் புல்வெளி. 230 பேர் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் ஆட்டம் ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுக்கு எதிரான நட்புப் போட்டி. 0-4 என்று தோல்வி. ஆனால், பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். கூட்டம் உள்ளே போய் முடியாததால் ஆட்டத்தையே தாமதமாகத் தொடங்க வேண்டியிருந்தது. கம்பைண்டு கவுண்டீஸ் லீக் என்ற கீழ்த்தட்டு லீகில் இடம் கிடைத்தது. பால்காரரும் தபால்காரரும் வேலை முடித்து வந்து ஆடும் மட்டம் அது. சில நூறு பேர் வந்தாலே திருவிழாவாக இருக்கும் அந்த லீகில் இவர்களுக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 3,000 பேர் வந்தார்கள். அதே சீசனில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடிய 'ஒரிஜினல்' அணிக்கு வந்ததைவிட அதிகம்.

கிளப்புக்கு முதலாளி கிடையாது. 'டான்ஸ் டிரஸ்ட்' என்ற ரசிகர் அமைப்புதான் சொந்தக்காரர். உறுப்பினர் ஒருவருக்கு ஓர் ஓட்டு. லீட்ஸின் பெனால்டியைப் பிடித்த டிக்கி கை கிளப்பின் தலைவராக வந்து உட்கார்ந்தார். 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை லீகில் தொடர்ந்து 78 ஆட்டங்கள் தோற்கவில்லை. இங்கிலாந்தில் மூத்தோர் கால்பந்தில் அதுவரை யாரும் செய்யாதது. ஐந்து முறை மேலே ஏறி, 2011 மே 21 அன்று லூட்டன் டவுனைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தார்கள். 2002-லிருந்து எண்ணினால் ஒன்பது வருடம். 1977-லிருந்து 1986 வரை ஏறிய அப்பன் அணிக்கும் அதே ஒன்பது!

2012 டிசம்பர் 2 அன்று எஃப்.ஏ. கோப்பைச் சீட்டுக் குலுக்கல் இரண்டு அணிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மில்டன் கீன்ஸ் மைதானத்துக்குள் காலே வைக்க மாட்டோம் என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். போனவர்கள், ஜாக் மிட்சன் அடித்த சமன் கோலுக்குக் களத்துக்குள் இறங்கியே ஆடினார்கள். கடைசியில் கூடுதல் நிமிடங்களில் ஒரு பின்னங்கால் கோலில் எம்.கே. டான்ஸ் 2-1 என்று வென்றது.

அந்த கோப்பை யாருடையது என்ற சண்டை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1988 எஃப்.ஏ. கோப்பை வெற்றி உள்ளிட்ட பழைய பெருமைகள் தங்களுடையவை என்ற கோரிக்கையை எம்.கே. டான்ஸ் கைவிட்டது. 2007-ல் கோப்பையின் பிரதியும் மற்ற நினைவுப் பொருள்களும் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் நகராட்சிக்கு வந்து சேர்ந்தன.

நாய்ப் பந்தய மைதானம்

எல்லாம் சரி, வீடு? ஏ.எஃப்.சி. விம்பிள்டன் இத்தனை நாள் ஆடியது பக்கத்து ஊரான கிங்ஸ்டனின் கிங்ஸ்மெடோவில். அங்கே ஒரு சங்கடம் இருந்தது. அந்த மைதானம் உண்மையில் கிங்ஸ்டோனியன் என்ற சிறிய, பழைய கிளப்பின் வீடு. பண நெருக்கடியில் அவர்கள் மைதானத்தின் குத்தகையை இழந்திருந்தார்கள். 2003-ல் விம்பிள்டன் ரசிகர்கள் அதை வாங்கி, கிங்ஸ்டோனியனைக் குறைந்த வாடகையில் கூடவே வைத்துக்கொண்டார்கள். பிறகு, புது ஸ்டேடியத்துக்குப் பணம் திரட்ட கிங்ஸ்மெடோவை செல்சிக்கு விற்றபோது, 2017-ல் கிங்ஸ்டோனியன் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்த வலி தெரிந்தவர்களின் வீடு தேடும் பயணத்தில் இன்னொரு கிளப் தெருவுக்கு வந்தது. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கதையைத் தேவதைக் கதையாகச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புது இடம் கிடைத்தது அதே ப்ளவ் லேன் சாலையில், பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். அங்கே 1928 முதல் ஒரு நாய்ப் பந்தய மைதானம் இருந்தது. 2017 மார்ச்சில் அங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. அதை இடித்துத்தான் இவர்களுக்கு ஸ்டேடியம். நாய்ப் பந்தய ரசிகர்களுக்கும் அது 'நம்ம இடம்'தானே? அவர்களில் பலர் கடைசி நாளில் அழுதபடிதான் வெளியே வந்தார்கள்.

2015 டிசம்பரில் மெர்ட்டன் நகராட்சி அனுமதி தந்தது. ஆனால், கட்டுமானம் பாதியில் இருந்தபோது பணம் பற்றாக்குறை. வெளி முதலீட்டாளர்களுக்குக் கிளப்பில் ஒரு பங்கு கொடுக்கலாம் என்ற யோசனை 2019 இறுதியில் வந்தது. நியாயமான யோசனைதான், எந்த கிளப்பும் அதைத்தான் செய்யும். இந்த ரசிகர்களுக்கு மட்டும் 'முதலாளி' என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். மாற்றாக, ரசிகர்களே கிளப்புக்குக் கடன் கொடுக்கும் 'ப்ளவ் லேன் பாண்டு' திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2020 தொடக்கத்தில் சில வாரங்களிலேயே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது.

2020 நவம்பர் 3. ப்ளவ் லேனில் மறுபடி ஆட்டம். டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு எதிராக 2-2. புது மைதானத்தின் முதல் கோலை அடித்தவர் ஜோ பிகாட். 29 வருடம் காத்திருந்தவர்களில் யாரும் அதை நேரில் பார்க்கவில்லை. கொரோனா காலம். காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் அந்த கோல் விழுந்தது. மைதானத்துக்கு வெளியே, மூடிய கேட் அருகே வந்து சும்மா நின்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. 9,000 பேருக்கு மேல் உட்காரும் அந்த இடம் நிறைய, 2021 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1912-ல் மேடாக்கிய சதுப்பு நிலம் என்று சொன்னோம் இல்லையா? வேண்டில் ஆறு இன்னும் அங்கேதான் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் கொட்டிய மழையில் ஆறு பொங்கி, புது ஆடுகளத்தில் பெரிய பள்ளமே விழுந்துவிட்டது. பிரீமியர் லீக் அணியான நியூகாசில் ப்ளவ் லேனுக்கு வர வேண்டிய கோப்பை ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. நிதி திரட்டினார்கள், ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. ஆடுகளம் சரியானது. அந்த சீசன் முடிவில், 2025 மே மாதம், வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று அணி மூன்றாவது தட்டுக்கு ஏறியது.

பழைய மைதானம் இருந்த மூலையில் எழுந்த குடியிருப்புக்கு 'ரெனால்ட்ஸ் கேட்' என்று பெயர். ஆம், வெம்ப்ளியில் நான்கு முறை தலையால் முட்டிய அதே எடி ரெனால்ட்ஸ். உள்ளே இருக்கும் பிளாக்குகளில் ஒன்று பாசெட் ஹவுஸ், இன்னொன்று 1975-ல் பயிற்சியாளராக இருந்த ஆலன் பேட்ஸ்ஃபோர்டின் பெயரில். ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கும் ரசிகர்கள், சனிக்கிழமை மதியங்களில் நீலமும் மஞ்சளுமாக அந்த மூலையைக் கடந்துதான் புது மைதானத்துக்கு நடக்கிறார்கள். பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.